கென்டக்கிக் காட்டு ஜோசய்யா

பீளமேட்டு அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அமெரிக்கர்களுக்கு மூதாதையரைத் தேடிக் கொடுப்பதுதான் நித்யஸ்ரீக்கும் சபரீஷுக்கும் வேலை.

இருநூறு வருடத்துக்கு முன் கென்டக்கிக் காட்டைத் திருத்திக் குடியேறிய ஜோசய்யாவை இருவரும் அக்குவேறு ஆணிவேறாக அலசிவிட்டார்கள். கரடியோடு மல்லுக்கட்டியது, மக்காச்சோளம் விதைத்தது, பக்கத்துக் குடிசைப் பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டது எல்லாம் கிடைத்தது. கடைசியில் பார்த்தால், அந்தப் பெண் அவருக்குச் சித்தப்பா மகள்!

"கட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா இந்த மனுசன்?" என்று சிரித்தான் சபரீஷ்.

"காதல்ல விழுந்தவன் அதெல்லாமா கேப்பான்?" என்றாள் நித்யஸ்ரீ.

அவர்களும் விழுந்துதான் கிடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, பெண் கேட்கும் துணிச்சலோடு சபரீஷ் அவள் வீட்டுக்கு வந்தான். ஒரே சாதி, நல்ல சம்பளம். அப்பா தம்பிதுரை மறுக்கக் காரணமே இல்லை என்ற தெம்பில் நித்யஸ்ரீ உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

சபரீஷ் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, நம்ம சாதில நீங்க எந்தக் கூட்டமுங்க?"

"காடைக் கூட்டமுங்க மாமா."

"அட, நாங்களும் காடைக் கூட்டந்தான்! பங்காளி ஊட்டுப் பையனா நீ? மாமான்னு சொல்லாத கண்ணு, சித்தப்பான்னு கூப்பிடு!"

சந்தோஷம் தாங்காமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மணி, அண்ணனுக்குக் காப்பி கொண்டா!"