பவளங்கொத்தி

“இன்னிக்கே அவன் இந்த ஆத்தை விட்டுப் போயாகணும். ஒண்ணு அவன், இல்லாட்டா நான்” என்றான் ஹரிநாராயணன், வாயில் பற்பசை நுரையோடு.

ஸ்ரீலேகா அடுப்பில் தோசையைத் திருப்பிப் போட்டாள். “அவன் இருக்கட்டும். நீங்க எப்போ கிளம்பறேள்னு சொல்லுங்கோ, டிபன் கட்டணும்.”

அவன் என்றால் வேறு யாருமில்லை, கிட்டு. கல்பாத்தியில் அவர்கள் வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வளரும் ஏஞ்சல் மீன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். செந்தூர நிறமும் கறுப்புக் கோடுமாகப் புது மாப்பிள்ளைத் தோரணையில் வளைய வரும்.

பெயர் வைத்தவள் ஸ்ரீலேகா. அவள் தலை தெரிந்தால் போதும், எங்கிருந்தாலும் கண்ணாடியோரம் ஓடி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். “நான் பேசறப்போ என் மொகத்தைப் பாத்துக் கேக்கறது இந்த ஆத்துல அது ஒண்ணுதான்” என்பாள் அவள்.

ஹரிக்கு உயிர் பவளத்தின் மேல். கழுத்தில் கோத்துப் போடுகிற பவளமில்லை, தொட்டிக்குள் கல்லில் ஒட்டிக்கொண்டு வளர்கிற உயிருள்ள பவளம். பகலில் பச்சையும் ஊதாவுமாகப் பூப்போல விரிந்திருக்கும். வங்கியிலிருந்து வந்தவன் செருப்பைக் கழற்றின கையோடு அதன் எதிரே உட்கார்ந்துவிடுவான். அதற்குக் கோழிக்கோட்டுக் கடல் தண்ணீர்தான் ஒத்துக்கொள்கிறது என்று மாசாமாசம் காரை எடுத்துக்கொண்டு போய்க் கேன் கேனாக மொண்டு வருகிறவன் அவன்.

நேற்றுக் காலை அமாவாசைத் தர்ப்பணத்தை முடித்துவிட்டு அவன் வங்கிக்கு ஓடும்போது பவளம் நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் மொத்தமும் கூம்பிச் சுருங்கிக் கிடக்கிறது. கிட்டு அதன் தலைமேல் நின்று கொத்திக்கொண்டிருக்கிறான். ஹரிக்கு அழுகையே வந்துவிட்டது. போன மாசமும் இப்படித்தான் ஆயிற்று. அது தேறி வருவதற்குள் இவன் பாதியாக இளைத்துப் போனான். இன்னொரு தரம் இப்படி ஆனால் பவளம் பிழைக்காது.

“இந்த ஜாதி மீன் பவளத்தைக் கொத்தும்னு வாங்கறச்சயே எல்லாரும் சொன்னா. நீதான் அழகா இருக்குன்னு அடம் பிடிச்சே. இப்போ கையும் களவுமாப் பிடிச்சாச்சு” என்றான்.

“கல்லுல பாசி இருக்கு, அதைக் கொத்தறது. வாயில்லா ஜீவன் மேல பழியைப் போடாதேங்கோ.”

“வாயில்லாமலா கொத்தறது?”

ஸ்ரீலேகா தட்டை அவன் முன்னால் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். “உங்கம்மா எத்தனை வருஷமா ராமேஸ்வரம், ராமேஸ்வரம்னு கேக்கறா. அதுக்கு மட்டும் லீவு கிடைக்காது. பவளத்துக்குன்னா கோழிக்கோடு கூப்பிடு தூரம்.”

ஹரி தோசையில் கவனமாக இருந்தான். அம்மா சேஷம்மாள் பூஜையறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். இந்த மீன் வழக்கில் அவள் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை.

பக்கத்துச் சித்தூரில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் கோகுல்நாத் வலையும் பாலித்தீன் பையுமாக வந்து சேர்ந்தான். கிட்டுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லி முந்தின நாளே ஹரி போன் பண்ணியிருந்தான். வந்தவன் பழக்க தோஷத்தில், தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உப்பு அளக்கும் கருவியில் விட்டுப் பார்த்தான்.

“ஏனுங்க சார், உப்பு கொறஞ்சு கெடக்குதுங்களே.”

“தண்ணி வத்தியிருக்கும்பா.”

“வத்துனா உப்பு ஏறோணுமுங்க, எறங்காதுங்க. தண்ணியும் வத்தலீங்களே, விளிம்பு வரைக்கும் நெறைஞ்சு நிக்குது.”

“உப்பையும் கிட்டுதான் தின்னுருப்பான்” என்றாள் ஸ்ரீலேகா. “அந்தக் கேஸையும் அவன் பேர்லயே போட்டுடுங்கோ.”

ஹரிக்குச் சிரிப்பு வரவில்லை. “நீ பிடிப்பா” என்றான்.

கோகுல்நாத் வலையை விட்டான். கிட்டு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கல்லிடுக்கில் புகுந்துகொண்டான். ஸ்ரீலேகாவின் கேலியெல்லாம் அத்தோடு நின்றது. தோசைக் கரண்டியைப் பிடித்தபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹரி அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் மாதிரி நின்றான். அவனுக்கும் மனசு என்னவோ போலத்தான் இருந்தது, ஆனால் பவளத்தை நினைத்துக் கல்லாக்கிக்கொண்டான்.

“கல்லைத் தூக்குனாத்தானுங்க வருவான்” என்று கோகுல்நாத் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு தொட்டிக்குள் கையை நீட்டினான்.

“கையை விடாதே, கொழந்தை.”

பூஜையறையிலிருந்து சேஷம்மாள் வேகமாக வந்து குறுக்கே நின்றாள். கோகுல்நாத் கையை இழுத்துக்கொண்டான். ஸ்ரீலேகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தேளா, அம்மாவுக்கே மனசு பொறுக்கலை.”

“மீன் போனா போறது, எனக்கென்ன வந்தது” என்றாள் சேஷம்மாள். “அமாவாசை நேத்தோட போயாச்சு. மத்த நாள்ல சமுத்ரத்தைத் தொடப்படாது, தோஷமாக்கும்.”

“அம்மா, இது தொட்டி.”

“தொட்டிதான். அதுல இருக்கற ஜலம் சமுத்ரத்து ஜலமில்லையோ? நீதானே கோழிக்கோட்டுலேந்து சுமந்துண்டு வரே?” அவள் மகனின் தலையை வாஞ்சையோடு தடவிக் கொடுத்தாள். “ராமேஸ்வரம் கூட்டிண்டு போகலைன்னு எனக்கு இப்போ ஒரு குறையும் கிடையாதுடா. ரெண்டு மாசமா அமாவாசையன்னிக்கு, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனப்பறம் ஆத்துலயே சமுத்ர ஸ்நானம் ஆயிடறது.”

ஹரி தொட்டியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். “எப்படிம்மா?”

“ஒரு வாளி மொண்டு தலைல விட்டுண்டு, ஒரு வாளி கிணத்து ஜலம் விட்டு நெறைச்சு வெச்சுடறேன்.”