பேச்சுத் துணை

“நிறுத்தாதீங்க அங்கிள், பேசிட்டே இருங்க” என்றாள் தீபா.

ஜலாலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மனைவி சாஜிதா காலமானதிலிருந்து எல்லோரும் அவரிடம் சொல்வது இதற்கு நேர்மாறான வார்த்தை.

சிட்லபாக்கத்து வீட்டில் அவரும் நாலு சுவரும்தான். மகன் ஜைத் தமாமிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். “சாப்ட்டீங்களா அத்தா? சரி, வெச்சிடறேன்” என்பதோடு பாசம் முடிந்துவிடும். ஏரிக்கரையில் நடக்க வரும் எதிர்வீட்டு ஸ்ரீநிவாசராகவன், தூரத்தில் இவர் தலை தெரிந்ததுமே காதில் இயர்போனைச் செருகிக்கொள்வார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. தாம்பரம் சண்முகம் ரோட்டில் செருப்புக் கடை வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாயடித்தே பழகிய மனிதர் ஜலால். கடையை விற்றாயிற்று, வாயை யாரிடம் விற்பது?

இந்தப் பெண் வேறு ரகம். போன வாரமே உட்கார வைத்துப் பேசி, குடும்ப போட்டோக்களையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டாள். “அன்னிக்கு நீங்க எவ்ளோ பேசறீங்களோ அவ்ளோ நல்லது அங்கிள். உங்க பேச்சு நின்னா எங்க வேலையும் நின்னுடும்” என்று சொல்லி அனுப்பினாள்.

நேற்று முழுக்க ஜலால் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். கதை தீர்ந்துபோனால் இவளும் எழுந்து போய்விடுவாளே என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

இப்போது அவள் அவர் முகத்துக்கு நேரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் நாலைந்து பேர் ஏதோ வேலையாக இருந்தார்கள். மோட்டார் ஒன்று விட்டுவிட்டு உறுமியது. ஜலால் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை.

“செருப்பு செட்டாகாத ஆள் கதையை பாதியில விட்டுட்டீங்களே.”

“அதுவா? அந்தாளுக்கு எடது காலு எட்டு, வலது காலு ஒம்போது. எந்த ஜோடியும் சேரல, ஒரே பேஜாரு. கல்லாவுல குந்தினு இருந்த சாஜிதா எய்ந்து வந்தா. ரெண்டு ஜோடிய பிரிச்சி, இதுல ஒண்ணு அதுல ஒண்ணு குடுத்து அனுப்பிட்டா.”

“மீந்த ரெண்டு?”

“இதுக்கும் எங்கியாவது ஒருத்தன் பொறந்திருப்பான், வருவான்னு எடுத்து வெச்சிட்டா.”

தீபா கண் சுருங்கச் சிரித்தாள். கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு படத்தைக் காட்டினாள். சட்டி நிறைய, செக்கச்செவேலென்று மீன் மிதந்தது.

“இது என்ன அங்கிள்?”

“ஆணம்.”

அவள் சிரிப்பு நின்றது. “என்ன சொன்னீங்க?”

“ஆணம்.”

தீபா சட்டென்று ஒரு கையை உயர்த்தினாள். மோட்டார் அடங்கியது. பின்னாலிருந்தவர்களும் வேலையை நிறுத்தினார்கள்.

“அங்கிள், அவசரப்படாம நல்லா பாருங்க. இது பேரு என்ன?”

“மீன் கொழம்புதாம்மா. சாஜிதாவுக்கு ஊரு கீழக்கரை. அங்க கொழம்ப ஆணம்னுதான் சொல்லுவாங்க. அவ வந்தப்பறம் எங்க வூட்லயும் ஆணம்தான்.”

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது சாப்பாடு மெஸ்ஸில், அங்கே ஊற்றுவது குழம்பு.

தீபா நீளமாக மூச்சு விட்டாள். “எல்லாரையும் ஒரு நிமிஷம் கதிகலங்க வெச்சிட்டீங்க” என்று கையை இறக்கினாள். மோட்டார் மறுபடி உறுமத் தொடங்கியது.

தன் ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் பதறுகிறார்களே என்று ஜலாலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இப்படியே சாயங்காலம்வரை பேசச் சொன்னாலும் பேசுவார்.

“அப்புறம் அங்கிள்? அந்த மீந்த ஜோடிக்கு ஆள் வந்தாரா?”

“எங்க வந்தான்? கடைய விக்கும்போதுகூட அத நான் குடுக்கல. இன்னும் வூட்டுப் பரண்லதான் கீது. சாஜிதா போன அன்னிக்கி என் கைய புடிச்சிகினு அதப் பத்திதான் பேசினா. கடைசியா அவ இன்னா சொன்னான்னா...”

அதை அவர் ஜைத்திடம்கூடச் சொன்னதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் சொல்லலாம் என்று இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்தார்.

மோட்டார் நின்றது. இந்தத் தடவை தீபா கையை உயர்த்தவில்லை.

“மூளைல இருந்த கட்டி முழுசா வந்துடுச்சு பாய். நீங்க பேசிட்டே இருந்ததால, பேச்சுக்கு ஒரு சேதாரமும் இல்லாம எடுத்துட்டோம்” என்று பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டரின் குரல் வந்தது.

தீபா டேப்லெட்டை அணைத்துவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

“அவ்ளோதான் அங்கிள், இனிமே நீங்க பேச வேணாம்.”