நாக்கில் ஒட்டிய கல்

புதிய கல் எது கிடைத்தாலும் நாக்கில் வைத்துப் பார்ப்பது நிலவியல் ஆய்வாளர் டெல்பினின் பழக்கம். நாக்கைப் பிடித்துக்கொண்டால் உள்ளே களிமண் இருக்கிறது என்று அர்த்தம். என்றோ நிலத்தடியில் வெந்நீர் ஊறி, மணற்கல்லை அப்படி மாற்றியிருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை பனியே கிடக்கும் அந்தத் துருவத்தில் மூன்று கோடைகளாக அவள் தேடியது அப்படி ஒரு கல்லைத்தான். இன்று எடுத்த கல் பிடித்துக்கொண்டது.

"களிமண்ணா மேடம்?" என்று ஓடிவந்தார் உதவியாளர் மாசிலாமணி. அவள் வேகமாகத் தலையாட்டினாள். பிறகு கல்லை இழுத்தாள். வரவில்லை.

"ஐயையோ, குளிருக்குல்ல ஒட்டிக்கிச்சு! இந்தக் குளிர்ல எந்தக் கல்லும் ஒட்டுமே!"

அவள் கண்கள் கலங்கின. வலியா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் புரியவில்லை. தூரத்தில், அவர்களை ஏற்றிப்போக வரும் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்டது. பெட்டியில் இன்னும் ஒரே ஒரு கல்லுக்குத்தான் இடம். அவர் பிளாஸ்கைத் திறந்து, இருந்த வெந்நீரை அவள் நாக்கின் மேல் மெல்ல ஊற்றினார். கல் கழன்று அவள் கையுறையில் விழுந்தது.

"இப்ப சொல்லுங்க மேடம், எடுத்துக்கவா, வேணாமா?"

ஆவி பறக்கும் கல்லையே டெல்பின் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெந்நி பட்ட கல்லுதான்," என்றாள் மரத்த நாக்கோடு. "அது மட்டும் நிச்சயம்."