சிவப்பு ஸ்டிக்கர்

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய நீல விளக்கைத் தணிகைவேல் தினமும் சாயங்காலம் மகள்மேல் காட்டுவார். நறுமுகையின் ரத்தப் புற்று எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ அங்கெல்லாம், ஊசியில் ஏற்றிய மருந்து தோலுக்கடியில் பச்சையாக ஒளிரும். அசையாமல் படுத்திருந்தால் ஒரு ஸ்டிக்கர் பரிசு.

ஸ்டிக்கர்கள் அவர் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியவை. அங்கே எலிகளுக்கும் இதே நோய், இதே விளக்கு. பச்சை தலைக்கு ஏறிவிட்ட எலியின் கூண்டில் அவர் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். மறுநாள் அந்தக் காலிக் கூண்டைக் கழுவிக் கவிழ்ப்பதும் அவர்தான். அதனாலேயே சிவப்பை மட்டும் அவர் வீட்டில் யார் கண்ணிலும் காட்டியதில்லை.

இன்று வெளிச்சம் முதுகோடு ஏறி, காதைத் தாண்டி, முடி கொட்டிய உச்சந்தலையில் மினுங்கியது. அவர் விளக்கை அங்கிருந்து நகர்த்தவில்லை.

"தலையிலயும் வந்துடுச்சாப்பா? அப்ப நான் முழுசா ஜொலிக்கிறேன்!"

"ஆமாடா தங்கம்."

"ஸ்டிக்கர் நானே எடுத்துக்கிட்டேன். உன் சட்டைப் பையில சிவப்பு இருந்துச்சு. எனக்குத் தராம ஒளிச்சு வச்சிருந்தியா?"

அவர் பிடுங்கப் போவதற்குள் அதை நெற்றியில் பொட்டாக ஒட்டிக்கொண்டு கேட்டாள்:

"எனக்குப் பொருத்தமா இருக்காப்பா?"