சொல்லு பார்க்கலாம்

"முதல்ல அந்த டிவியை நிறுத்து. சும்மா இருக்கறவளை அது பேச வச்சுடும் போலிருக்கு!"

கணவர் ரிமோட்டைத் தேடினார். அதை அவருடைய மனைவி, தையல்காரி, தைக்கிற துணிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். இது அவர்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டைதான்.

"பேசறதுக்குத்தானே இந்த நிகழ்ச்சியைப் பார்க்கச் சொல்லியிருக்காங்க?"

"பேசினா கூட்டிட்டுப் போயிடுவாங்க. அது மறந்துபோச்சா உனக்கு?"

மறக்குமா? குழந்தைகள் இல்லத்து அதிகாரியம்மா சிட்டுவைக் கொண்டுவந்து விட்ட அன்றே கறாராகச் சொல்லியிருந்தார். "அஞ்சு வயசுப் பொண்ணு. சொந்தம்னு யாரும் இல்லை. தாய்மொழி வேற, தமிழ்ல ஒரு வார்த்தை தெரியாது. உங்க வீட்டுல இருந்து பேசக் கத்துக்கட்டும். பேச்சு வந்ததும் எங்க விடுதிப் பள்ளிக்கூடத்துல சேர்த்துடுவோம். அதிகமா ஆசை வச்சுடாதீங்க."

வைக்காதே என்றால் கேட்கிற ஆசையா அது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு பொம்மைகூட வாங்காத வீடு. சிட்டு என்று பெயர் வைத்ததே கணவர்தான், வாய் ஓயாமல் கீச்சுக்கீச்சென்று பேசப் போகிறாள் என்ற நினைப்பில். வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

திரையில் மஞ்சள் வாத்துப் பொம்மை ஒரு குடையை விரித்தது. முதலில் சிட்டுவின் மொழியில் அதற்கான சொல்லைச் சொன்னது. பிறகு தமிழில், "குடை!" என்றது. அப்புறம் கழுத்தைச் சாய்த்து, "சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டுவிட்டு, கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருந்தது.

சிட்டு வாயைத் திறக்கவில்லை. வாத்து பாவமாக நிற்பதைப் பொறுக்க முடியாமல் தையல்காரிதான், "குடை" என்றாள். கூடவே சிட்டுவின் மொழிச் சொல்லையும் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சபாஷ்!" என்றது வாத்து.

"நல்லாருக்கு போ! படிக்க வேண்டியவ சிரிக்கிறா, நீ பாஸாயிட்டே," என்றார் கணவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நிஜமாவே சொல்றேன், இந்த வாத்தை நிறுத்திடுவோம். அவ இன்னும் கொஞ்ச நாள் நம்மகூட இருப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. சாயங்காலம் கிரீஸ் கையோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் தேடுவது சிட்டுவைத்தான்.

"நம்ம ஆசைக்காக ஒரு குழந்தையை ஊமையா வச்சிருக்கச் சொல்றீங்களா? பசிச்சா பசிக்குதுன்னு சொல்லத் தெரிய வேணாமா அவளுக்கு?" தையல்காரியின் குரல் உயர்ந்தது. "ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிட்டுட்டுப் போகட்டுங்க. எனக்கு அது போதும்."

"மெதுவாப் பேசு. குழந்தை பார்க்குது."

"பார்க்கட்டும். நாம பேசறது அவளுக்குப் புரியவா போகுது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு தையல் மெஷினுக்குத் திரும்பினாள். "கத்தரியை எங்கங்க வச்சீங்க? இந்த வீட்டுல எது வச்ச இடத்துல இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள். நிமிர்ந்தபோது கத்தரி மெஷின் பக்கத்திலேயே இருந்தது; சிட்டுவும் அங்கேதான் நின்றிருந்தாள். கண் முன்னால் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அதிகாரியம்மா வந்தார். பையிலிருந்து படம் போட்ட அட்டைகளை எடுத்தார்.

"எல்லாம் அந்த நிகழ்ச்சியில வர்ற வார்த்தைங்கதான். மத்த பிள்ளைங்க கடகடன்னு சொல்லுதுங்க. எங்கே, இது என்ன சொல்லு?"

பந்து. சிட்டு பேசாமல் நின்றாள். கிண்ணம். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவதாகக் குடை வந்தது.

தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிடுடி கண்ணு என்று கெஞ்சியது பாதி மனசு. சொல்லாதே, சொன்னால் போய்விடுவாய் என்று கதறியது மீதி. சிட்டுவின் உதடு லேசாக அசைந்தது. உடனே இறுக மூடிக்கொண்டது.

அதிகாரியம்மா அட்டைகளை அடுக்கினார். "டிவியைப் போட்டுவிட்டா மட்டும் போதாதும்மா. கூட உட்கார்ந்து பேசணும். அப்பத்தான் வார்த்தை மனசுல ஒட்டும்."

"தினமும் கூடத்தாங்க உட்காருறேன்." திருடி மாட்டிக்கொண்டவள்போல் தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னமோ போங்க, இவ மண்டையில ஒண்ணும் ஏறலை. இப்போதைக்கு உங்ககிட்டயே இருக்கட்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

கணவர் சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தையல்காரிக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன. குழந்தை போகவில்லை. ஆனால் தான் ஏங்கிக் கிடக்கிற அந்த ஒரு வார்த்தை இனிமேல் கிடைக்கவே கிடைக்காதோ?

அதிகாரியம்மா படி இறங்கியதும் சிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மெல்ல வந்து தையல்காரியின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"அவங்க போயிட்டாங்கம்மா. குடைன்னு வாய் வரைக்கும் வந்திருச்சு... கஷ்டப்பட்டு முழுங்கிட்டேன்."