ஃபேனை மட்டும் பாரு

"என்னப்பா அது, உன் ரூமுக்குள்ள மில்லா ஓடுது?"

லேப்டாப் திரையிலிருந்து முதலாளி கேட்டார். மற்றக் கிளைகளின் மேலாளர்கள் அவரவர் கட்டத்துக்குள் சிரித்தார்கள்.

"லேப்டாப் ஃபேன் சத்தம் சார். இப்பவே பாக்கச் சொல்றேன்" என்று குழைந்தார் மேலாளர். பிறகு கீபோர்டின் மேல்வரிசையில் மைக் படம் போட்ட பொத்தானை ஒரு தட்டுத் தட்டினார். அதைத் தட்டிவிட்டால் இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் போகாது.

"கிழத்துக்கு வேற வேலையே இல்ல" என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்கு இதே பிழைப்பு. தட்டுவார், திட்டுவார், மறுபடி தட்டிவிட்டுக் குழைவார்.

"இன்னும் இரையுதேப்பா! ஒண்ணுமே காதுல விழல. டீ குடிச்சிட்டு வரோம், அதுக்குள்ள சரி பண்ணு" என்றார் முதலாளி.

கதவோரம் நின்றிருந்த அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு வரைபடங்கள் போடும் அந்த அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். மேலாளர் வைத்த பெயர் ஒயரம்மா. அந்தப் பெயரும் மாதக் கடைசி வரைக்கும்தான், அதற்குப் பிறகு அவளுக்கு அங்கே வேலை இல்லை.

போன வாரம் மேலாளர் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று தன் லேப்டாப்பை இயக்கும் ஓ.எஸ்.ஸைத் தானே மாற்றிப் போட்டார். "உள்ள இருக்கறத முதல்ல வேற இடத்துல எடுத்து வெச்சுக்கலாம் சார்" என்று அவள் சொன்னதற்கு, "உன்னக் கேட்டனா?" என்றார். அரை வருஷத்து வரைபடங்கள் அடியோடு போயின.

முதலாளி கேட்டதும், "அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணு அழிச்சிடுச்சு சார்" என்று கூசாமல் பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார். அவளை ஒரு வார்த்தை பேசக்கூட யாரும் விடவில்லை.

வேலை போனால் போகட்டும், இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் அழித்தவள் என்ற பெயரோடு எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? அவரைப் பழிவாங்காமல் இந்தப் படி இறங்குவதில்லை என்று அவள் முடிவுகட்டி நாலு நாள் ஆகிறது.

இப்போது அந்த லேப்டாப்பே அவள் கைக்கு வந்துவிட்டது. மேசைமேல் சூடான காபி வேறு தயாராக இருந்தது. ஒரே ஒரு சாய்ப்புப் போதும், ஆனால் அவள் கோப்பையை எடுத்து எட்டத்தில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கோளாறு என்னவென்று பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. ஓ.எஸ்.ஸை மாற்றும்போது லேப்டாப் செய்தவர்கள் போட்டுத் தந்த சில்லறைச் சாஃப்ட்வேர்களும் கூடவே போய்விடும். விசிறிக்கு ஒன்று, மேல்வரிசைப் பொத்தான்களுக்கு ஒன்று, திரை வெளிச்சத்துக்கு ஒன்று என்று எதையுமே அவர் திரும்பப் போடவில்லை. அடக்க ஆளில்லாத விசிறி தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சார், ஃபேன் மட்டுமில்ல, இன்னும் கொஞ்சம்..."

"ஒயரம்மா, ஃபேனப் பாக்கச் சொன்னா ஃபேனை மட்டும் பாரு. வேற எதுலயாவது கை வெச்ச, மாசக் கடைசி வரைக்கும்கூட இருக்க மாட்ட."

"சரி சார்."

சொன்னபடியே செய்தாள். விசிறிக்கு உரியதைத் தேடி எடுத்துப் போட்டாள். காற்றுத் துவாரத்துத் தூசியைச் சின்னத் தூரிகையால் தட்டினாள். காதை ஒட்டி வைத்து ஒருமுறைக்கு இருமுறை கேட்டும் பார்த்தாள். இத்தனை பாடுபடுத்திய மனிதருக்கு இவ்வளவு சிரத்தையா என்று பார்ப்பவர்கள் அசந்துபோயிருப்பார்கள். அறை அமைதியாகிவிட்டது, சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் மட்டும் கேட்டது.

"பரவால்லையே! போற நேரத்துல உருப்படியா ஒரு வேலை பாத்திருக்க" என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

கூட்டம் மறுபடி தொடங்கியது.

"அப்பாடா, இப்பதான் காதுக்கு நிம்மதி" என்றார் முதலாளி. "அந்தப் பொண்ணு விஷயம் என்னாச்சு?"

"மாசக் கடைசியோட அனுப்பிடறோம் சார். எனக்கே பாவமாத்தான் இருக்கு. ஆனா தப்புன்னா தப்புதானே சார்?"

சொல்லிவிட்டு மைக் பொத்தானைத் தட்டினார். பிறகுதான், அவள் இன்னும் போகாமல் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பதைக் கவனித்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இன்னும் என்ன?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க, அந்த வரைபடமெல்லாம் நானா அழிச்சேன்?"

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறையில் வேறு யாரும் இல்லை. காபியை எட்டி எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்.

"நான்தான் அழிச்சேன். இப்ப என்னங்கற? போய் அந்தக் கிழத்துக்கிட்ட சொல்லு, பாப்போம். நான் எது சொன்னாலும் தலையாட்டுற ஜென்மம் அது. உன் பேச்சையா கேக்கப் போகுது?"

அவள் திரையைச் சற்றே அவர் பக்கம் திருப்பி வைத்தாள். எந்தக் கட்டத்திலும் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்தார்.

"மேல சொல்லுப்பா, நல்லாக் கேக்குது."