இரண்டாவது ஆள்

"நேத்தும் ரெண்டாவது ஆளைக் கோட்டை விட்டுட்டான்!"

பட்டறைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார் கேப்டன். பின்னால் தலையைத் தொங்கப் போட்டபடி ஆமை. குறிபார்த்துச் சுடுகிறவன். மணிக்கணக்கில் அசையாமல் படுத்துக் கிடப்பதால் அந்தப் பெயர்.

துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் மேஸ்திரி நிமிர்ந்தார்.

"எப்பவும் இதே கதைதான் மேஸ்திரி. எதிரியில முதல் ஆள் விழுவான். அடுத்தவன் ஓடி வருவான். இவன் வேடிக்கை பார்ப்பான்."

"போல்ட்டு சார்," என்றான் ஆமை. "ஒவ்வொரு தடவை சுட்டதும் அதைக் கையால தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி, இறக்கணும். அதுக்குள்ள ஆளு மறைஞ்சிடுறான்."

"ஆமைன்னு சும்மாவா பேரு வெச்சாங்க! அதுக்குத்தானே புதுசு வந்திருக்கு. ஒண்ணு வெடிச்ச வேகத்துல அடுத்த தோட்டா தானா ஏறிக்கும். விரலை மட்டும் அசைச்சாப் போதும்."

"அதுல தோட்டா சின்னது சார். ஏழு புள்ளி ஆறு ரெண்டு மில்லிமீட்டர். என்னோடது எட்டரைக்கு மேல. ரொம்ப தூரம் போகும். காத்துக்கு லேசுல அசையாது."

"எதிரியோட மேடு என்ன நிலாவுலயா இருக்கு? அந்தத் தூரத்துக்கு இதுவே தாராளம். மேஸ்திரி, பழசைப் பிடுங்கி வைங்க. புதுசைச் சோதிச்சுக் கொடுங்க. சாயங்காலம் போன் பண்றேன்."

கேப்டன் போய்விட்டார்.

மேஸ்திரி பழைய துப்பாக்கியை வாங்கி போல்ட்டை இழுத்துப் பார்த்தார். எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

அவருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள இழுத்துடலாமேடா இதை! யார்கிட்ட கதை விடுற?"

ஆமை துப்பாக்கிக்காகக் கையை நீட்டினான்; மேஸ்திரி கொடுக்கவில்லை.

"பயமா? இல்ல, அந்தப் பக்கம் உனக்கு மாமன் மச்சான் எவனும் இருக்கானா?"

இல்லையென்று தலையாட்டினான் ஆமை.

"போன மழைக்காலத்துல என் ஒத்தப் புள்ளையை முழுங்கின மேடுடா அது! அங்க போய் நீ புண்ணியம் தேடிக்கிட்டு இருக்கியா?"

ஆமை மெதுவாகப் போல்ட்டைத் தொட்டான்.

"இது இருந்தா ஒரு சாக்கு சொல்லிக்கலாம் மேஸ்திரி. புதுசுல அதுக்கு வழியில்லை."

"எதுக்குடா சாக்கு?"

"முதல்ல வர்றவன் துப்பாக்கியோட வர்றான். சுடுறேன், அது என் வேலை. ரெண்டாவதா வர்றவன் வெறுங்கையோட வர்றான் மேஸ்திரி. விழுந்தவனைத் தூக்க."

மேஸ்திரி துப்பாக்கியை மேசைமேல் வைத்தார்.

"உங்க புள்ளையும் அன்னைக்கு வெறுங்கையோடதான் ஓடினான். நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன். எதிர்ல இருந்தவன் கையிலயும் இந்தப் புது மாதிரிதான்; அவனுக்குப் போல்ட்டு இழுக்குற வேலை இல்லாமப் போச்சு."

மேஸ்திரி புதுத் துப்பாக்கியின் பெட்டியைத் திறந்தார்.

சாயங்காலம் போன் அடித்தது. மேசைமேல் புதுத் துப்பாக்கி கிடந்தது. கழற்றி, துடைத்து, பூட்டி, சுட்டுப் பார்த்தாகிவிட்டது. குறை என்று ஒரு தூசு இல்லை.

"என்ன மேஸ்திரி, புதுசைக் கொடுத்தாச்சா?"

மேஸ்திரி அதன்மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டார்.

"பழசையே திருப்பிக் கொடுத்துட்டேன் சார். புதுசுல கோளாறு."

"புத்தம் புதுசுல என்னய்யா கோளாறு?"

"பெரிய கோளாறு சார். என் கையால சரிபண்ண முடியாது."